இரண்டாம் மாடிப் புடவைக்கடை

அந்தப் படத்தை முதலாளி எங்கள் தற்காலிகத் தகரக் கொட்டகைக் கடையின் நடுவில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தார். மாத்தளை நகரத்தின் நடுவே எழும்பப் போகும் புதுக் கட்டடத்தின் வண்ணப் படம். கீழே கடைகள், அதற்கு மேலே அலுவலகங்கள், அதற்கும் மேலே தொடர்மாடி வீடுகள், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம். படத்துக்குள் நடமாடிய ஆட்களில் ஒருத்தர்கூட எங்கள் ஊர் ஆள் மாதிரி இல்லை. எல்லோரும் நெட்டை, எல்லோர் கையிலும் காகிதப் பை. ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். "இந்த நாய்க்காரர் யாருங்க முதலாளி, நம்ம வாடிக்கையா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "வாயப் பொத்து மகள். அல்லாஹ் நாடினா அவரும் ஒரு நாளைக்கி வருவார்" என்பார். கேலிக்கெல்லாம் சிரிக்கிற மனிதர், அந்தப் படத்தைச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

நான் எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்ட கையோடு அவருடைய புடவைக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்தேன். தலை நரைக்கும்வரை வேறு கடைப்படி ஏறவில்லை. பழைய கடை பெரிய தெருவில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேரெதிரே இருந்தது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். இறங்கியதும் யாரும் புடவை பார்க்க மாட்டார்கள். முதலில் பையைக் கொண்டுவந்து எங்கள் கடையில் வைப்பார்கள். பிறகுதான் டாக்டரிடம், மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு. ஒவ்வொரு வேலையாக முடித்துவிட்டு வந்து இன்னொரு பையைச் சேர்த்து வைப்பார்கள். அரிசி, மரக்கறி, கருவாடு, சில வேளை காலைக் கட்டிய கோழி. மத்தியானமானால் கல்லாவுக்குப் போக எனக்கே வழியிருக்காது. வைத்தவர்களில் பாதிப் பேர் ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டார்கள். நான் முணுமுணுப்பேன். "பை எங்கட கடையில ஈக்கிற மட்டும் ஆளும் எங்கட ஆள்தான் மகள்" என்பார் முதலாளி. தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் அதே ஆட்கள்தான் குடும்பத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அவருடைய வியாபாரம் முழுக்க அந்தப் பைகளின் மேல்தான் நின்றது.

புதுக் கட்டடத் திட்டக்காரர்கள் வந்து, கடை வரிசையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றபோது எல்லோரும் தயங்கினார்கள். கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே வந்து பையை வைக்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்த கடை வேண்டும். தருகிறோம் என்றார்கள். ரெண்டே வருஷம் என்றார்கள். அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். தலைவரே போட்டுவிட்டார் என்று மற்றவர்களும் போட்டார்கள்.

முடியாமல் இழுத்துக்கொண்டே போன அந்த ரெண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களைத் தூக்கி ஓடைக்கரைத் தகரக் கொட்டகைகளில் போட்டார்கள். கடைகளை இடித்தார்கள், பள்ளம் தோண்டினார்கள், அதோடு ஆட்களைக் காணவில்லை. மழைத் தண்ணீர் தேங்கி அந்தப் பள்ளம் ஒரு குளமாகவே ஆனது. டொலர் இல்லை என்றார்கள். கொந்தராத்துக்காரர் போய்விட்டார், வேறு ஆள் வருகிறார் என்றார்கள். வந்தவர் பழைய பிளான் சரியில்லை என்றார். ஒரு நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து, கொட்டகைக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த வாளியில் நுளம்புக் குடம்பி நெளிகிறது, டெங்கு வரும் என்று எங்களைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அந்தக் குளத்தைக் காட்டினேன். "ஏக்க வெனம எக்கக் மிஸ்" என்றார் சிங்களத்தில். அது வேறு கதையாம்! எங்கள் வாளி நுளம்பு மட்டும்தான் கடிக்குமோ?

முதலாளியோ ஒவ்வொரு தாமதத்துக்கும் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம்தான் சில நாட்களில் பெரிதாக இருந்தது. "அவங்க ஏமாத்துறாங்க முதலாளி, ஒங்களுக்கு வெளங்கலயா?" என்று ஒரு தடவை சத்தம் போட்டே கேட்டேன். "வாக்குத் தந்தீக்கிறாங்க. சென்ன பேச்ச நம்பாம எப்பிடி மகள் யாவாரம் செய்ற?" என்றார். வியாபாரியோடு வியாபாரி பேசுகிற பேச்சை அவர் அந்தத் திட்ட அலுவலகத்துக்காரர்களோடும் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பெண்கள் ஒரு சிலர் ஓடைக்கரைவரை தேடி வருவார்கள். பலர் வருவதை விட்டுவிட்டார்கள். வந்தவர்களிடம் அவர் படத்தைக் காட்டி, "இந்தா, இதுதான் எங்கட கடை, ரோட்டுப் பக்கம்" என்று விரலை வைப்பார்.

கடைசியில் கட்டடம் எழும்பி வந்தபோது அவர் விரல் வைத்த இடத்தில் கடையே இல்லை. புது பிளானில் ரோட்டுப் பக்கத்தில் பெரும்பகுதியை ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கும் ஒரு வங்கிக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். மிச்ச இடம் மேல்வீட்டுக்காரர்களின் கார் ஏறுகிற சரிவுப் பாதைக்குப் போய்விட்டது. பழைய கடைக்காரர்களுக்கென்று கீழே, உட்பக்கமாக, கொஞ்சம் கடைகள். மீதி இரண்டாம் மாடியில். கடை எண் எழுதிய சீட்டுகளை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சங்கக் கூட்டத்தில் முதல் சீட்டை எடுங்கள் என்று தட்டை அவர் முன்னால்தான் நீட்டினார்கள். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தலைவர் முந்திக்கொள்வது அழகில்லையாம். "சின்னக் கடக்காரங்க எடுக்கட்டும், நான் கடைசில எடுக்கிறன்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். கடைசியில் எடுக்க என்ன இருக்கும்? இரண்டாம் மாடி மூலைதான் இருந்தது.

வெளியே வந்ததும் என் வாய் நிற்கவில்லை. "நீங்க என்ன பெரிய கொடை வள்ளலா? நம்ம சனம் பையத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறுமா? ஒங்களால ஏற முடியுமா?" இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் அவருடைய வலது காலில் ஏற்கனவே பெருவிரலை வெட்டி எடுத்திருந்தார்கள். "லிஃப்ட் ஈக்கி மகள். நகர்ற படியும் வருது. எஞ்சினியர் மாத்தயா என்னட்ட நேர சென்னார்" என்றார்.

திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம், பேண்ட் வாத்தியம், கண்டிய நடனம் எல்லாம் வந்தது. நகர்கிற படி மட்டும் வரவில்லை. செலவைக் குறைக்க வெட்டிவிட்டார்களாம். லிஃப்ட் இருந்தது. அது தொடர்மாடி வீட்டுக்காரர்களுக்கு, அட்டை காட்டினால்தான் திறக்கும், கடை மாடியில் நிற்கவே நிற்காது. முதலாளி வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் புதுச் சாரமுமாக அந்த மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மேலே பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்டக் காத்திருந்தார்கள், மூத்த கடைக்காரர் இல்லாமல் போட்டோ எடுக்க முடியாது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து அவரை அதில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஒரு கையால் கதிரையையும் மறுகையால் சாரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு அவர் தலையைக் குனிந்திருந்தார். மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள். ஐயோ, அந்தக் கைதட்டல்! அவர்களை அன்றைக்கே நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்த சம்பள ஞாயிறு எங்கள் சனம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அத்தனை வருஷத்துக்குப் பிறகும் மறக்காமல் வந்தார்கள். வாசலில் செக்கியூரிட்டி மறித்துவிட்டான். மரக்கறிப் பை, அரிசிப் பை உள்ளே விடக்கூடாது, தரை அழுக்காகுமாம். சில பெண்கள் பையை வாசலில் ஒருத்தியிடம் காவலுக்கு விட்டுவிட்டு மேலே வந்து, "சௌக்கியமாங்க முதலாளி?" என்று கேட்டு, பதறிக்கொண்டே இறங்கிப் போனார்கள். முதலாளி செக்கியூரிட்டியிடம் ஆள் அனுப்பினார், அலுவலகத்தில் கேட்டார், பையை வைக்க ஒரு சின்ன மூலையாவது கீழே தாருங்கள் என்றார். டிசைனில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த மாதம் வந்தவர்கள் குறைவு. அதற்கடுத்த மாதம் நானும் அவரும்தான். மேல்வீட்டுக் குழாய் ஒழுகிச் சேலைக் கட்டுகளில் மஞ்சள் கறை பிடித்தது. அதையும் அவர் வெயிலில் காயப் போடச் சொன்னார். வெயில் விழ அந்த மாடியில் ஒரு ஜன்னல் இல்லை. அதுவரை என் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவரால் பிறகு அதுவும் முடியவில்லை, மறுபடி தூக்கி வரச் சொல்லவும் மனமில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார். நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் மௌத்தாகிப் போனார், மையவாடியில் அடக்கினார்கள். நல்ல மனுசனை நாசமாக்கிவிட்டார்கள் என்று நான் அன்றைக்கு மையத்து வீட்டு வாசலில் நின்று சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

போன மாதம் திட்டக்காரர்கள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். இரண்டாம் கட்டம் தொடங்குகிறதாம், எதிர் வரிசைக் கடைகளையும் இடிக்கப் போகிறார்களாம். அந்தக் கடைக்காரர்களுக்குக் கூட்டம். மேடையில் ஒரு திட்ட அதிகாரி, புதியவர், நன்றாகத் தமிழ் பேசுகிறவர், முதலாளியின் பெயரைச் சொல்லி, அவர்தான் இதற்கெல்லாம் முன்னோடி என்றார். அவரிடம் ஆயுள் முழுக்க வேலை செய்த அம்மா இரண்டு வார்த்தை சொல்வார் என்று மைக்கை என் கையில் கொடுத்தார். எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர், பேக்கரிக்காரர், கண்ணாடிக் கடைப் பெண், எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"முதலாளி இருந்தா இன்னைக்கும் மொத ஆளா கையெழுத்துப் போட்டிருப்பாருங்க. அவ்வளவு நல்லவரு. அவரை நாலு பேரு சேர்ந்து ரெண்டு தடவ தூக்கினாங்க. ரெண்டாவது தடவ மையவாடிக்கு. மொத தடவ அவரோட சொந்தக் கடைக்கு."

கண்ணாடிக் கடைப் பெண் எழுந்து, "எங்களுக்கு லிஃப்ட் இருக்குங்களா?" என்று கேட்டாள். அந்த விஷயம் மூன்றாம் கட்டத்தில் கவனிக்கப்படும் என்றார் அதிகாரி. பேக்கரிக்காரர் எழுந்து வெளியே நடந்தார். பின்னால் மருந்துக்கடைக்காரர். அதிகாரி சிரித்தபடியே என் பக்கம் திரும்பி மைக்குக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.