தேயிலைச் சரிவில் ஐம்பது ரூபாய் டெஸ்ட்

சென்னையில் டெஸ்ட் நடந்த வாரத்தில் நாங்கள் ஊட்டிக்குப் போனோம். ஜனவரிக் குளிரை அனுபவிக்கப் போனோம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மைக் காரணம் டிக்கெட் விலை. என் மனைவி சுகந்திக்கு டெஸ்ட் என்றால் உயிர். இருபது ஓவர் ஆட்டத்தை அவள் கிரிக்கெட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூன்று மாதம் முன்பே அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி வைத்திருந்தாள். டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது மலிவான இருக்கைகள் தீர்ந்திருந்தன. மிச்சம் இருந்தது ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்றால் பத்தாயிரம். “இந்தக் காசுல ஊட்டிக்கே போயிட்டு வரலாம்” என்று வாய் தவறிச் சொன்னேன். “அப்ப ஊட்டிக்கே போலாம், போட்டுடுங்க” என்றாள். அப்படி ஒரு குரலில் சொன்னால் ரயில் டிக்கெட் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வியாழன் இரவு சென்ட்ரலில் ரயில் ஏறி, வெள்ளி காலை ஆறரை வாக்கில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதற்கு மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். பேருந்தில் குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். சேரிங் கிராஸ் பக்கத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை எடுத்தோம். வெந்நீர் காலை ஏழு முதல் ஒன்பது வரைதான். அதையும் பக்கத்து அறைக்காரர் முந்திக்கொள்வார்.

அன்று மதியம் தாவரவியல் பூங்காவுக்குப் போகாமல் சுகந்தி அறையில் உட்கார்ந்து போனில் டெஸ்ட் பார்த்தாள். கேமரா சுற்றி வந்தபோது பாதி நாற்காலிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. “பாருங்க, எனக்கு ஒரு சீட்டு இல்லாமலா போச்சு?” என்றாள். எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, விலையைக் குறைக்க மாட்டோம் என்பது என்ன வியாபாரமோ தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, ஊசிமலை காட்சிமுனை பார்க்கலாம் என்று காலை எட்டரைக்கு கூடலூர் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். பைக்காரா தாண்டி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனதும் நடுவட்டம் வந்தது. ஊரைத் தாண்டி இரண்டு வளைவுகூட ஆகியிருக்காது, சுகந்தி சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். “வெள்ளை டிரெஸ்! வண்டிய நிறுத்துங்க!”

நடத்துநர் பதறிவிட்டார். “ஏனுங்க, என்னாச்சுங்க? ஊசிமலை இன்னும் வருலீங்களே.”

“கீழ கிரிக்கெட் ஆடறாங்க. சிவப்புப் பந்து.”

“அட, அதுங்களா! எஸ்டேட் மேட்ச்சுங்க. ரெண்டு நாள் ஆடுவாங்க. இந்த வருசம் டிக்கெட் போட்டுட்டாங்கன்னு எல்லாரும் கோவமா இருக்காங்க. எறங்குங்க, எறங்குங்க.”

சாலைக்குக் கீழே தேயிலைச் சரிவு. சரிவு முடியும் இடத்தில், ஒரு மைதானம் என்று சொல்லக்கூடிய அளவுக்குச் சமதரை. நடுவில் கயிற்றுப் பாய் விரித்த பிட்ச். மைதானத்தைச் சுற்றிப் பச்சை நிழல்வலை கட்டி, தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளையும் அடைத்திருந்தார்கள். நுழைவாயிலில் ஒரு மேசை. அங்கே இருந்தவர் பெயர் யோகராஜா. எஸ்டேட் ஃபேக்டரியில் மெக்கானிக், ஐம்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்குமான இந்த இரண்டு நாள் ஆட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான்.

“ஒரு நாளைக்கு ஆளுக்கு அம்பது ரூவாங்க. ரெண்டு நாளைக்குமா?” என்றார்.

சுகந்தி என்னைக் கேட்காமலே இருநூறு ரூபாய் கொடுத்தாள். “டெஸ்ட் டிக்கெட்” என்று என்னிடம் நீட்டிக் காட்டினாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

உள்ளே பார்வையாளர்கள் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். ஏன் இந்த நிலை என்று யோகராஜாவே வந்து உட்கார்ந்து சொன்னார். விளையாட்டுக் குழுவின் செயலாளர் பிரபு, கீழ் டிவிஷனின் வேகப்பந்துக்காரர். இளைஞர். தோல் பந்து, பாய் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் குழுவின் தலையில்தான் விழுகிறது. இந்த வருடம் அந்தச் செலவை டிக்கெட்டில் எடுத்துக் காட்டாவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து இரண்டு நாள் ஆட்டம் கிடையாது, பத்து ஓவர் டென்னிஸ் பந்துப் போட்டி மட்டும்தான் என்று பிரபு சொல்லிவிட்டாராம்.

“அவன் சொல்றதும் ஞாயந்தாங்க. டென்னிஸ் பாலுக்கு ஐநூறு பேரு வாராங்க. இதுக்கும் சனம் வரும், ஆனா டிக்கட்டுன்னதும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு ரோட்டுலயே நிக்குறாங்க” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். சாலையோரக் கட்டைச் சுவரில் முப்பது நாற்பது பேர், பெரும்பாலும் இலை பறிக்கும் பெண்கள், கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வலைக்கு மேலே அவர்களுக்குப் பாதி மைதானம் தெரிந்தது. மீதிப் பாதிக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

பதினோரு மணி வாக்கில், மேல் டிவிஷன் பேட்ஸ்மேன் ஒருவர் கிரீஸை விட்டு இறங்கி வந்து ஓங்கி அடித்தார். பந்து வலையைத் தாண்டித் தேயிலைக்குள் போனது. ஆட்டம் நின்றது. ஃபீல்டர்கள் தேடினார்கள், பேட்ஸ்மேன்கள் தேடினார்கள், அம்பயரும் போனார். ஐம்பது ரூபாய் கொடுத்த குற்றத்துக்கு நானும் போனேன். தேயிலைச் செடி தூரத்தில் மெத்தை மாதிரி இருக்கும். உள்ளே கை விட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு முரட்டுக் கட்டை என்று தெரியும். முழங்கை இரண்டும் கீறிக்கொண்டதுதான் மிச்சம். பந்து கிடைக்கவில்லை.

போன வருடம் வரை மக்கள் இந்தச் சரிவில் செடி வரிசைகளுக்கு நடுவேதான் உட்கார்ந்து பார்ப்பார்களாம். பந்து விழுந்த அடுத்த நிமிடமே யாராவது எடுத்து வீசிவிடுவார்கள். டிக்கெட் போட்டபோது இது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது பந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் போனது. மூன்றாவது, அதாவது கடைசிப் பந்து, மூன்று மணிக்குப் போனது. பிரபு சாலையைப் பார்த்துக் கத்தினார். “அக்கா, எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“பாத்தோமே!” என்றார் சுவரில் இருந்த புஷ்பம் என்ற பெண்.

“எங்கீங்க?”

“டிக்கட்டு வாங்குனவுங்களக் கேளு. நல்லாப் பாக்கத்தானே காசு குடுத்திருக்காங்க.”

மேலே ஒரே சிரிப்பு. சுகந்தியும் சிரித்தாள். நான் கீறலைப் பார்த்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் யாரும் நகரவில்லை. பந்து இல்லாவிட்டால் ஆட்டம் இத்தோடு சரி. வலையைத் திறந்தால் டிக்கெட் வசூல் போச்சு, அடுத்த வருடமும் போச்சு. யோகராஜா எழுந்து தேயிலைப் பக்கம் போனார். மடக்குக் கத்தியை எடுத்து வலைக் கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அறுத்தார். பிரபு தடுக்கவில்லை. ஆனால், “அண்ணா, பேசுனது பேசுனதுதானுங்க” என்று மட்டும் சொன்னார். யோகராஜா தலையாட்டினார். பிறகு மேலே பார்த்து, “வாங்க தங்கச்சி. இந்த ஒரு மேட்ச்சாவது ஒழுங்கா முடியட்டும்” என்றார்.

புஷ்பம் நேராக இறங்கி வந்து, ஒரு செடிக்குள் கை விட்டுப் பந்தை எடுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் மற்ற இரண்டும் வந்தன.

ஞாயிறன்று ஊசிமலை என்ற பேச்சே எழவில்லை. ஒன்பதரைக்கே போய்விட்டோம். சரிவு முழுக்க ஆட்கள், தூக்குப் பாத்திரங்கள், கைக்குழந்தைகள். படுகர் வீட்டார் சிலரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, கதை பேசினார்கள், தூங்கினார்கள். ஆனால் பந்து உயரப் போனால் எல்லாத் தலையும் திரும்பும். டெஸ்ட் என்பது இப்படிப் பராக்குப் பார்த்துக்கொண்டே பார்க்க வேண்டிய ஆட்டம். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தவனால் பராக்குப் பார்க்க முடியுமா? ஒவ்வொரு பந்துக்கும் அவன் மனசு கணக்குப் போடும்.

முடிவைப் படித்ததும் மூடிவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால், போக நினைப்பவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம், பேருந்துக்கு வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு போகாதீர்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கி அபராதமும் போடுவார்கள். ஜனவரியில் காலையில் உறைபனி, மதியம் சுள்ளென்ற வெயில். தொப்பியும் ஸ்வெட்டரும் இரண்டுமே வேண்டும். நடுவட்டத்துக் கடைகளில் டீயும் பன்னும் முப்பது ரூபாய்க்குள் முடியும். மாலை ஐந்தரைக்கு மேல் ஊட்டிப் பேருந்துகளை நம்பாதீர்கள். எங்கள் இருவருக்கும் மொத்தச் செலவு ஏழாயிரத்துச் சொச்சம்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் மங்கியது. கீழ் டிவிஷனுக்கு இன்னும் பதினேழு ரன் வேண்டும், கையில் ஒரே ஒரு விக்கெட். அம்பயர் பெயில்களை எடுத்துவிட்டார். டிரா. யோகராஜா பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

சரிவில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “அடுத்த வருசம் உண்டா இல்லியா? சொல்லாம எந்திரிக்க மாட்டோம்” என்றார் புஷ்பம்.

“செலவு கட்டுபடியாகலீங்க அக்கா” என்றார் பிரபு.

“ஒங்க டென்னிஸ் பாலுக்கு டிக்கட்டு போடு. எங்க ஊட்டுப் பயலுவ அம்பது என்ன, நூறுகூடக் குடுப்பானுவ. இதுக்குக் கேக்காத.”

பிரபு சரிவு முழுவதையும் ஒருமுறை பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது, யாரும் அசைவதாக இல்லை. “சரிங்க. அப்படியே போட்டுக்கறேன். இது நடக்கட்டும்” என்றார்.

எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். புஷ்பம் பாதி ஏறிப் போனவர், திரும்பி யோகராஜாவைக் கேட்டார். “அண்ணே, அது கெடக்கட்டும், ஜெயிச்சது யாரு?”

“யாரும் ஜெயிக்கல தங்கச்சி. டிரா.”

“ரெண்டு நாளா ஆடியுமா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பத்தல. அடுத்த வருசம் மூணு நாளா வைங்க.”

யோகராஜா சுருட்டிய பாயின் மேல் அப்படியே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.