பிரபஞ்சம் சுமக்காத எண்

துறைத்தலைவரின் லேசர் புள்ளி என் படங்களின் மேல் ஊர்ந்த அந்தக் காலையை நான் மறக்கவில்லை, மறக்க விருப்பமுமில்லை. போர்ட் பிளேரில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கம். மெயின்லேண்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் தலைமை. பிரபஞ்சத்தை விவரிக்க எவ்வளவு தகவல் வேண்டும், அதில் எவ்வளவு அதன் மாறிலிகளுக்குள் இருக்கிறது என்று நான் எழுதிய உரையைத் துறைத்தலைவர் தன் பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார். பார்த்துத் தருவதாக வாங்கிப்போனவர். முந்தைய நாள் நான் கேட்டதற்கு, "சோடோ, விட்டுடு. நீ கெஸ்ட் லெக்சரர்தானேம்மா? கச்சால்ல ரப்பர் பால் வெட்டினவர் பொண்ணுக்கு மேடைக்கு என்ன அவசரம்?" என்றார். உரை போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவுக் காட்டில் ரப்பர் மரம் சீவி என்னைப் படிக்கவைத்த அப்பாவை அவர் இழுத்ததைப் பொறுக்க முடியவில்லை.

பைல்களோடு வாழ்ந்து பாடத்தை விட்டு வெகுகாலம் ஆனவர் அவர். மாறிலிகள் இருந்த படத்தில் ஒளியின் வேகத்தை நான் சேர்த்திருக்கவில்லை. காரணத்தை வாயால் சொல்வதற்கென்று வைத்திருந்தேன். கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"சார், ஒரு டவுட். ஒளியோட வேகத்த ஏன் சேர்க்கல?"

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அச்சா... விட்டுப்போச்சும்மா. சேர்த்துடலாம்."

ஒளி வேகத்துக்கு நாம் சொல்லும் எண், மீட்டர், விநாடி என்று நாம் வகுத்துக்கொண்ட அளவுகளால் வருவது. அளவை மாற்றினால் எண்ணும் மாறும். எந்த அளவிலும் மாறாத வெற்று எண்கள்தாம் பிரபஞ்சத்தின் சொந்தத் தகவல். உரையின் அடித்தளமே அதுதான்; எழுதியவர் "சேர்த்துடலாம்" என்று சொல்லவே மாட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத எழுதினது யாரு?" என்று மட்டும் கேட்டார். நான் உட்காரவில்லை. கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

அதன் பின் துறைத்தலைவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. வராந்தாவில் அவர் கடந்து போனால் மாணவர்கள், "சேர்த்துடலாம்" என்று முணுமுணுப்பார்கள். பாவமாக இல்லையா என்று தோழி கேட்டாள். இல்லை.

போன வருடம் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். ஹேடோ துறைமுகத்துக்குத் துறையே திரண்டு போனது. அவர் போவதைக் கண்ணால் பார்க்க நானும் போனேன். என்னைத் தனியே அழைத்தார்.

"அந்த ஒளி வேகம்... ஏன் சேர்க்கக் கூடாதுன்னு இன்னும் பிடிபடலம்மா. யார்கிட்டயும் கேட்கவும் வெக்கம். நீயாவது சொல்லேன்."

ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

"கப்பல்ல நேரம் நெறைய இருக்கும் சார். யோசிச்சுக்கிட்டே போங்க" என்று கைகூப்பினேன்.