இன்னும் கொஞ்சம் ரசம்

பத்தாவது வரை படித்தவன் நான். பந்தியில் ரசம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன் எழுத வந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் விசேஷ வீடுகளில் எனக்காக என் மகள்தான் கேட்பாள். "அண்ணே, அப்பாவுக்கு அப்பளம்!" என்று அவள் குரல் கொடுத்தால் பந்தியே திரும்பிப் பார்க்கும். அப்படியே தனக்கும் இரண்டு வாங்கிக்கொள்வாள். எடை ஏறி, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரையும் முழங்கால் வலியும் வந்ததால், மதுரையில் இரைப்பையைச் சின்னதாக்கி ஆபரேஷன் செய்தார்கள்.

அதன்பின் வீட்டில் வேறு ஒரு பெண் இருப்பதுபோல இருந்தது. போடி பஸ் ஸ்டாண்டில் புரோட்டா வாசனைக்கே நின்றுவிடுகிறவள், இப்போது அந்தக் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தினாள். பசி எடுக்காமல், கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டாள். ஒருநாள் ஜிலேபி ஒரு துண்டு தின்றுவிட்டு, நெஞ்சு படபடத்து வியர்த்துப் படுத்துவிட்டாள். "இனிப்பு ஆக மாட்டேங்குதுப்பா. புளிப்பா எதாச்சும் வாங்கிட்டு வா" என்பாள். முட்டை கொஞ்சம், சுண்டல் கொஞ்சம், அதையும் மென்று மென்றுதான். அவசரப்பட்டால் வாந்தி.

அவளுக்கு ஒரே ஆசை. பந்தியில் எல்லோரையும்போல உட்கார்ந்து எழ வேண்டும். பக்கத்து ஊர் தேவாரத்தில் என் மச்சான் மகள் கல்யாணம் வந்தது. போனோம்.

மச்சானே பாயச வாளியோடு வந்தார். "வேண்டாம் மாமா" என்றாள். எங்கள் பக்கம் வேண்டாம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், கூட ஒரு கரண்டி விழும்.

"கல்யாண வீட்டுல இனிப்ப வேண்டாங்காத ஆத்தா!"

நான் அவள் இலைக்கு மேல் கையை நீட்டினேன். பாயசம் என் புறங்கையில் விழுந்தது.

"மாப்ளே, இலையிருக்க கையில வாங்குறீங்க?" என்று சிரித்தபடி அடுத்த இலைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வரிசையில் மற்ற எல்லா இலையும் மடிந்துவிட்டது. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் இலையில் பாதி அப்படியே இருந்தது.

"எல்லாரும் பாக்குறாங்கப்பா, எந்திரிச்சிரலாம்" என்று வேகமாக வாயில் அள்ளப் போனாள்.

"மெதுவா மெல்லு" என்றேன். பிறகு, எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "தம்பி! இங்கன இன்னும் கொஞ்சம் ரசம்!" என்று கத்தினேன். சோறும் வந்தது. அதைத் தின்று முடித்து மறுபடியும் கேட்டேன்.

"அண்ணே, வெரசா! அடுத்த பந்திக்கும் நீங்கதானா?" என்றார் பின்னால் நின்றவர்.

"ரசம் அப்படி அமைஞ்சுபோச்சுண்ணே."

மகள் சிரிப்பை அடக்கி, மென்றதை விழுங்கிவிட்டு, "அண்ணே, அப்பாவுக்கு அப்பளம்!" என்றாள். பிறகு இருவரும் சேர்ந்தே இலையை மடித்தோம்.

மறுநாள் எனக்கு வயிறு மந்தம். ஏலக்காய்க் கடை வேலைக்குப் போகவில்லை. அவள் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள்.