பதக்க விளிம்பில் ஒரு பெயர்

எங்கள் அப்பா பிறந்ததும் கண்மூடியதும் கொழும்பு ஜிந்துப்பிட்டியில்தான். பள்ளிக்கூடம் போகக் கொடுத்துவைக்கவில்லை. சின்ன வயதிலேயே தையல் மெஷினில் உட்கார்ந்தவர், கடைசிவரை கைநாட்டுத்தான் வைத்தார். ஆனால் நம் நாட்டு விமானப்படை தொடங்கிய காலத்தில் அதிகாரியாகச் சேர்ந்த வெள்ளவத்தைப் பெரியவர் ஒருவர், தமது பதக்கங்களின் நாடாக்களை மாற்றித் தைக்க அப்பாவிடம் மட்டுமே கொடுப்பார். அவரை அப்பா 'சேர்' என்பார்.

அந்தப் பதக்கப் பெட்டி வந்தால் அப்பா குளித்து, வெள்ளைத் துணி விரித்த பிறகே திறப்பார். எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்பது அவர் மனத்தில் இருந்தது. வானத்தில் பறந்தவரின் நெஞ்சில் கிடந்தவை என்று எங்களைத் தொடவும் விடமாட்டார்.

நான் பிறக்க முன்பு ஒருமுறை, கறுத்திருந்த வெண்கலப் பதக்கத்தைச் சாமி விளக்குப் போலப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். மறுநாள் சேருக்கு அணிவகுப்பு.

"தம்பி, இது கறுப்பாத்தான் இருக்கோணும். உன்னை ஆர் மினுக்கச் சொன்னது?"

கேட்ட சேரே சிரித்துவிட்டாராம். "சரி விடு. என்னையும் கொஞ்சம் புளி போட்டுத் தேய். நான் கிழவன், பதக்கம் மட்டும் இளந்தாரியா நிக்குது!" அதையே அணிந்து போனார்.

பதக்க விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறித்திருக்கும் என்று பிறகுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெயரைத் தேய்த்து அழித்துவிட்டேனோ என்ற பயம் அன்று அப்பாவைப் பிடித்தது. விளிம்பில் ஏதோ கீறல்கள் தெரியும். முழுப்பெயரா, மிச்சமா என்று தெரியாது. கேட்க வெட்கம். நான் எழுத்துப் பழகுவதற்குள் சேரும் காலமாகிவிட்டார்.

படுக்கையில் விழுந்த பிறகே அப்பா இதை என்னிடம் சொன்னார். சேரின் மகளுக்கு அறிவித்தேன். அடுத்த நாளே பெட்டியுடன் வந்தார்.

"முதல்ல என் கையக் கழுவிவிடு" என்றார் அப்பா. பிறகு பதக்கத்தை என்னிடம் நீட்டினார். "வாசி."

ஆங்கில எழுத்துகள் நூல்போல் மெலிந்திருந்தன. அப்பாவின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றிலும் வைத்து வாசித்தேன்.

"ஒரு எழுத்தும் போகலையா?"

"இல்லப்பா. முழுசா இருக்கு."

"இன்னொருக்கா வாசி."

மூன்று முறை வாசித்தேன். "அப்ப சேர் இருக்காரு" என்று கண்களை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் எங்களைப் பிரிந்தார்.

அப்பா பிரிந்த இந்த முப்பத்தோராம் நாளில், பெட்டியுடன் ஓடிவந்த சேரின் மகளுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த எங்கள் ஒழுங்கைத் தெரு உறவுகளுக்கும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கும் கைகூப்புகிறோம். அப்பாவுக்கு அந்த ஒரு வரியை வாசித்துக்காட்ட முடிந்தது உங்களால்தான்.