மூன்றாவது தட்டில் இருந்த முகம்

டெல்ஃபினா ஓரோஸ்கோ யாரையும் திட்ட மாட்டாள். அவளிடம் பயப்பட வேண்டிய விஷயமே அதுதான். நானெல்லாம் கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிட்டு, மத்தியானம் அதே ஆளோடு உட்கார்ந்து டாக்கோ சாப்பிடுகிற ஜென்மம். அவள் அப்படி இல்லை. வாங்கியதைப் பத்திரமாக வைத்திருப்பாள். சன் வேலியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பதினாறு வருஷம் நாங்கள் சேர்ந்து சினிமாவுக்குப் பேய், பிசாசு, மிருகம் எல்லாம் செய்தோம். அவள் முகத்தைச் செதுக்குவாள். நான் அதில் ஊசியால் ஒவ்வொரு மயிராகக் குத்தி நடுவேன். அவள் கதையை எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

பிரைஸ் ஹார்லன் என்று ஒரு மகானுபாவர். ஸ்டுடியோவில் பெரிய பதவி. அந்த ஆளுக்குப் படம் எடுக்கத் தெரியாது, அடுத்தவர் எடுத்த படத்தில் கை வைக்க மட்டும் நன்றாகத் தெரியும். நாங்கள் ஒரு சுரங்கத்துப் பூதம் செய்துகொண்டிருந்த படத்தில், செத்துக் கிடக்கும் தொழிலாளியாக மூன்று வினாடி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அதற்காக முகத்தை அச்செடுக்க எங்கள் கொட்டகைக்கு வந்தார். ஸ்டுடியோ வக்கீல்கள் எழுதிய காகிதம் ஒன்றில் வழக்கம்போல் கையெழுத்தும் போட்டார். இந்த அச்சை இந்தப் படத்திலும் இதன் அடுத்த பாகங்களிலும் எந்தப் பாத்திரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. எத்தனையோ நடிகர்களை அதில் கையெழுத்துப் போட வைத்த ஆள், தான் போடும்போது படிக்கவில்லை.

முகம் முழுக்கப் பசை பூசி, மேலே கட்டுப் போட்டு, மூக்குத் துளையை மட்டும் விட்டுவிடுவோம். இருபது நிமிஷம் அசையக் கூடாது. ஹார்லன் ஐந்தாவது நிமிஷமே நடுங்க ஆரம்பித்துவிட்டார். டெல்ஃபினா கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வார்த்து எடுத்த பிளாஸ்டர் தலையில் கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, புருவம் நெரிந்து, கேட்டது கிடைக்காத குழந்தையின் மூஞ்சி மாதிரி இருந்தது. பிறகு அந்தக் காட்சியே வேண்டாம் என்று வெட்டிவிட்டார்கள். வார்த்த தலையை எங்கள் தொழிலில் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. கழுத்தில் பெயர் எழுதி மூன்றாவது தட்டில் வைத்தோம்.

பூதத்துக்கு ஏழு மாதம் ஆனது. ஆறு பேர் சேர்ந்து ஆட்டுவோம். அது கண்ணைத் திறந்து பார்த்த அன்று கதாநாயகி நிஜமாகவே அலறினாள், டைரக்டர் கை தட்டினார். எல்லாம் முடிந்த பிறகு ஹார்லன் படத்தைப் பார்த்துவிட்டு, ரப்பர் மாதிரி இருக்கிறது, பையன்கள் சிரிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். பூதம் வருகிற இடமெல்லாம் அதன் மேலேயே கிராபிக்ஸ் பூசி மூடிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவிகள்.

வேலை செய்தவர்களுக்காகப் போட்ட காட்சிக்கு டெல்ஃபினா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எயுசேபியோ, பக்கோய்மாவில் நசுங்கிய கார்களை நிமிர்த்துகிறவர். சட்டையை இஸ்திரி போட்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஏதோ ஒரு பளபளப்பான ஜந்து குதித்துக்கொண்டிருந்தது. அதை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பாதிப் படத்தில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"இதுல நீ பண்ணது எதும்மா?"

ஒரே ஒரு இடத்தில் பூதத்தின் நிழல் சுரங்கச் சுவரில் விழுந்து நகர்ந்து போகும். கிராபிக்ஸ்காரர்கள் அதை மூட மறந்துவிட்டார்கள். டெல்ஃபினா அதைக் காட்டினாள். "அந்த நிழல்ப்பா."

மனிதர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு கார் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் மகள் சினிமாவுக்கு நிழல் செய்கிறாள், கஷ்டமான வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த ஒரு கிழவர் டெல்ஃபினாவின் கையைப் பிடித்து, நிழல் பண்ணுகிற பெண் நீதானே என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

ஒன்பது வருஷம் கழித்துக் காற்று மாறி அடித்தது. கிராபிக்ஸ் என்றாலே ஜனங்கள் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார்கள். உடனே ஹார்லன் ஒரு டோனட் பெட்டியோடு எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். தான் எப்போதும் எங்கள் பக்கம்தான் என்றார். இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம், பூதம் முழுக்கக் கையால் செய்ததாம், ஒரு காட்சியைக்கூட கம்ப்யூட்டர் தொடாதாம். அதைப் போஸ்டரிலேயே போட்டுவிட்டார்கள். பேட்டி பேட்டியாக வேறு சொல்லித் தள்ளியிருந்தார்.

டோனட் பெட்டியை அந்த ஆள் தலையில் கவிழ்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டெல்ஃபினா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். ஒப்புதல் ஆன முகத்தை அதற்குப் பிறகு யாரும் மாற்றக் கூடாது, எழுதிக் கொடுக்க வேண்டும். விளம்பரமே அதுதானே என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

முதல் களிமண் முகத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் மிருகம், மனுஷ வஞ்சம் தெரியவில்லை என்றார். அவர் கார் கிளம்பியதும் டெல்ஃபினா நாற்காலியைப் போட்டு ஏறி மூன்றாவது தட்டிலிருந்து அந்தத் தலையை இறக்கினாள். தூசியைத் துடைத்துத் தன் மேஜைமேல் வைத்தாள்.

"அடியே, வேணாம்டி," என்றேன்.

"அவர் கேக்கறதைத்தானே பண்றேன், நோரீன்."

இரண்டாவது முறை வந்தபோது புருவம் அவருடையதாக இருந்தது. பரவாயில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் அற்பத்தனம் வேண்டும் என்றார். மூன்றாவது முறை உதடு வந்தது. கொம்பும் செதிலும் எங்களுடையவை, நடுவில் இருந்த மூஞ்சி முழுக்க அவருடையது. டெல்ஃபினா கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தன் வார்ப்பைத் தனது என்று தானாகக் கண்டுகொண்ட ஆளை எங்கள் கொட்டகையில் நாங்கள் பார்த்ததே இல்லை. அவரவருக்குத் தெரிந்தது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். அடுத்தவர் பார்க்கிற முகம் தெரியாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஹார்லன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவன்தான். இவனைப் பாத்தாலே வெறுப்பா இருக்கு!" என்று ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். நான் கழிப்பறைக்குள் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

வெளியிடுவதற்கு முன் பொதுஜனங்களைக் கூட்டிவந்து படத்தைப் போட்டுக் காட்டி மதிப்பெண் போடச் சொல்வார்கள். பர்பேங்க்கில் நடந்தது. ஹார்லன் தன் அம்மாவைப் பெருமையாகப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். கடைசிக் காட்சியில் பூதம் சாகும்போது உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், புருவம் நெரியும். அரங்கமே அடங்கிக் கிடந்தது. அந்த அம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார்.

"பிரைஸ், இது உன் மூஞ்சிடா."

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. திரையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். அவருக்கு உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கடைசி வரிசையில் இருந்த எனக்கு அந்த ஒரு நிமிஷம் ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

மறுநாள் காலை கொட்டகைக்கு வந்து கத்தினார். வழக்குப் போடுவேன் என்றார். டெல்ஃபினா அவர் கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தை எடுத்து நீட்டினாள். முகத்தின் மேல் கிராபிக்ஸ் பூசிவிடுவேன் என்றார். தாராளமாகப் பூசுங்கள், நீங்கள் எழுதிக் கொடுத்ததையும் போஸ்டரையும் மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்ற முடியாது. பார்த்தவர்கள் எல்லாரும் பூதத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்கள், மேலிடம் அதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டது. கடைசியில் சுருதி இறங்கி, "நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டார்.

அந்த ஆளுக்கு ஞாபகமே இல்லை. நிஜமாகவே இல்லை.

"எங்கப்பா சாகற வரைக்கும் நான் நிழல் பண்றவள்னு நெனச்சுட்டுப் போனார், மிஸ்டர் ஹார்லன்," என்றாள் டெல்ஃபினா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை, தூரிகையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

படம் ஓட்டமாக ஓடியது. அக்டோபரில் அந்த முகம் ரப்பர் முகமூடியாகக் கடைகளில் தொங்கியது. குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் அன்று சாயங்காலம் டெல்ஃபினா தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு ஹார்லன் இருக்கும் தெருவுக்குப் போனாள். தெரு நிறையக் குழந்தைகள், பத்துக்கு நாலு பேர் ஹார்லன் மூஞ்சியோடு, மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வராதே என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் எரிந்தது. அவர் வீட்டில் மட்டும் அணைந்திருந்தது. அப்படியும் மூன்று குட்டிப் பூதங்கள் படியேறி மணியை அடித்தன, அடித்துக்கொண்டே இருந்தன. ஆள் ஊரிலேயே இல்லை போலிருக்கிறது, வா போகலாம் என்றேன்.

டெல்ஃபினா ஜன்னல் திரைச்சீலையைக் காட்டினாள்.

"உள்ளதான் இருக்கார். நிழல் தெரியுது பாரு."