கல்மண்டபத்து மாடியில் ஒரு சிகாகோ

யாரோ எழுதியதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் திரும்ப அடிப்பதுதான் எங்கள் தொழில். இதில் சொந்தப் புத்தியைக் காட்டினால் அன்றைக்கு ஒரு தப்பு நம் பேரில் ஏறும்.

கழுத்துவலித் தைலத்தின் வாசனையோடு பஸ் ஏறுகிற டேட்டா என்ட்ரி ஆட்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ராயபுரம் கல்மண்டபத்தில், கண்டெய்னர் லாரிகள் ஊர்ந்து போகிற சாலையைப் பார்த்தபடி இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பதினோரு வருஷமாக எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் பழைய காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் ஆவணக் காப்பகம். கடிதம், போட்டோ, தெரு வரைபடம், பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் படித்து, அடித்து, திருப்பி அனுப்புவோம். இப்போதெல்லாம் முதலில் கம்ப்யூட்டரே படித்துவிடுகிறது. அதற்குப் புரியாத கிறுக்கல்தான் எங்களுக்கு.

என் பேர் கோமதி, ஊர் திருவொற்றியூர். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் டீம் லீடர். மற்ற இரண்டு பேரில் விஜயா அக்காவுக்குப் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. எட்டியப்பன் அண்ணனுக்குக் காத்திவாக்கம், மீன்பிடிக் குடும்பம். டிப்ளமா படித்ததால் கடலுக்குப் போகாமல் எங்களோடு வந்து மாட்டிக்கொண்டார். எங்களை மேய்ப்பவர் மேனேஜர் பாஸ்கர் சார்.

ஏரியா, கடலா?

முதல் மாதம் வந்ததெல்லாம் கரையோரப் படங்கள். அலை அடிக்கிறது, கலங்கரை விளக்கம் நிற்கிறது, பெரிய பெரிய கப்பல்கள் போகின்றன, எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் படத்தின் பின்னால் ‘ஏரி’ என்று எழுதியிருக்கிறது. எட்டியப்பன் அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் ‘தவறான தகவல், இது கடல்’ என்று குறிப்பு போட்டு அனுப்பிவிட்டார். மொத்தக் கட்டும் திரும்பி வந்தது.

பாஸ்கர் சார் அவரைக் கூப்பிட்டு மேப்பைக் காட்டினார். அது குடிக்கிற தண்ணீர்தான் என்றும், ஏரி வழியாகக் கப்பலும் மறுபக்கம் ரயிலும் வந்து சந்தித்ததால்தான் கோதுமையும் மரமும் குவிந்து அந்த ஊரே வளர்ந்தது என்றும் விளக்கினார். அண்ணன் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார். சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “ஏரின்னே அடிச்சுட்டேன் தங்கச்சி. ஆனா இதுல எறங்குறவன் வூட்ல சொல்லிகினுதான் எறங்கணும்.”

திரும்பி ஓடின ஆறு

சிகாகோவில் ஓர் ஆறு இருக்கிறது. ஊர்க் கழிவெல்லாம் அதில் விழுந்து, அது ஏரியில் கலந்து, அதே ஏரித் தண்ணீரை ஊரே குடித்து, காய்ச்சல் வந்து செத்தார்கள். கடைசியில் பெரிய கால்வாய் ஒன்றை வெட்டி, ஆறு ஏரிக்குப் போகாமல் எதிர்ப்பக்கமாக ஓடும்படி செய்துவிட்டார்கள். ஆற்றையே திருப்பிவிட்டார்கள் என்று உலகமே மெச்சியது. அந்த வேலையின் போட்டோக்கள் வந்தபோது நானும் மெச்சினேன். இஞ்சினியர்கள் தொப்பியோடு வரிசையாக நிற்கிறார்கள். பள்ளம் அவர்களுக்குக் கீழே பாதாளம் மாதிரி.

எட்டியப்பன் அண்ணன் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு மேப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் எண்ணூர் முகத்துவாரம். தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்த இடமெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் படிந்ததை அவர் பார்த்திருக்கிறார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். “இந்தக் கலீஜ் எல்லாம் கீழ எந்த ஊருக்குப் போச்சோ, அங்க யாரு இருந்தாங்கன்னு எழுதிக்கீதான்னு பாக்குறேன்.”

ஆட்டுத்தொட்டிக்காரர் மகள்

ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கே கறி வெட்டிக் கொடுத்த ஊர் சிகாகோ. ஊருக்குள் ஓர் ஊர் மாதிரி மாட்டுப்பட்டி, அதைச் சுற்றிக் கறித் தொழிற்சாலைகள். அந்தப் போட்டோக்களில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், தலைக்கு மேல் கம்பியில் மாடு தொங்கி நகர்ந்து வரும். நான் சரியாகப் பார்க்காமலே படங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் ‘வேலை செய்யும் ஆட்கள்’ என்று ஒரே வரி அடித்துத் தள்ளலாம் என்றேன்.

விஜயா அக்கா விடவில்லை. அவருடைய அப்பா புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் ஆடு வெட்டும் வேலை பார்த்தவர். ‘இவர் தோல் உரிக்கிறவர், கத்தியைப் பாரு வளைஞ்சு கீது. இவர் குடல் எடுக்கிறவர். இவர் கையில இருக்கிறது கத்தி இல்ல, கத்தி தீட்டுற கம்பி’ என்று படம் படமாகச் சொன்னார், நான் இங்கிலீஷில் எழுதினேன். இதை எழுதிய நிபுணர் யார் என்று காப்பகத்திலிருந்து கேட்டு மெயில் வந்தது. நான் அதைப் படித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. திரையில் நின்ற அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பா ஒரு ஆட்டை முழுசா பார்ப்பாரு. பாவம், இவங்க ஆயுசு பூரா மாட்டோட ஒரு காலை மட்டுமே பாத்துகினு இருந்துருக்காங்க.”

மாடு உதைத்த விளக்கு

அந்த ஊர் ஒரு தடவை தீப்பிடித்து எரிந்தது. மர வீடுகள், காற்று வேறு. இரண்டு நாளில் ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஜனத்துக்கு வீடு இல்லை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து மாடு வைத்துப் பால் விற்ற ஓர் ஏழைப் பெண்ணின் கொட்டகையில், மாடு விளக்கை உதைத்ததால் வந்த தீ என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு அது கட்டிவிட்ட கதை என்று ஆனது. அவள்மேல் தப்பில்லை என்று நகர மன்றமே தீர்மானம் போட்டது, அவள் செத்து நூறு வருஷம் கழித்து.

இதை அடித்து முடித்த மதியம் விஜயா அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் சின்ன வயசில் இருந்த குடிசை வரிசை எரிந்தது எனக்குத் தெரியும். மீதி அன்றைக்குத்தான் தெரிந்தது. “எங்கம்மா அடுப்புலேர்ந்துதான் தீ புடிச்சுதுன்னு இன்னிக்கும் பேசுறாங்க. அன்னிக்கு எங்க வூட்ல அடுப்பே பத்த வெக்கல கோமதி, அரிசி இல்ல.”

பேர் போடாதீர்கள்

இதுதான் எங்களை மாட்டிவிட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் தெற்கில் இருந்த கறுப்பின மக்கள், பருத்திக்காட்டு வேலையும் அடி உதையும் தாங்காமல், கூட்டம் கூட்டமாக ரயிலேறி சிகாகோவுக்கு வந்தார்கள். வருவதற்கு முன் அங்கிருந்த கறுப்பினப் பத்திரிகைக்கு வழி கேட்டுக் கடிதம் போடுவார்கள். எந்த வேலையானாலும் செய்வோம், வந்து சேர ஒரு வழி சொல்லுங்கள் என்று. அப்படி ஒரு கட்டு வந்தது. துணி துவைத்துப் பிழைத்த ஒரு பெண், தன் பேரை எங்கேயும் போட்டுவிடாதீர்கள், இங்கே தெரிந்தால் எங்களை இருக்க விடமாட்டார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாள். விஜயா அக்கா கடிதம் முழுவதையும் அடித்துவிட்டுப் பேர் கட்டத்தைக் காலியாக விட்டார். அதே மாதிரி கேட்டிருந்த மற்றக் கடிதங்களுக்கும் அப்படியே.

மூன்று நாள் எங்கள் பேரில் தப்பு ஏறியது. பாஸ்கர் சார் வந்து, “பேர் இருந்தா அடிக்கணும்மா, அவ்ளோதான்” என்றார். அக்கா, “போடாதன்னு கேட்டுக்கினு கீறாங்க சார். நான் எப்புடி போடுறது?” என்றார். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கட்டங்கள் நிரம்ப வேண்டும், இல்லையென்றால் அக்காவை இந்த வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்காவின் சம்பளத்தில்தான் அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். மறைக்காமல் சொல்கிறேன், அக்கா டீ குடிக்கப் போனபோது நானே அந்த ஃபைலைத் திறந்தேன். ஒரு பேரை அடித்தேன். அடித்துவிட்டு அந்தக் கடைசி வரியைப் படித்தேன். பேரை அழித்தேன். பிறகு பாஸ்கர் சாரைக் கேட்காமலேயே காப்பகத்துக்கு நடந்ததை எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் காப்பகத்திலிருந்து வீடியோவில் வந்தார்கள். கடிதப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டெனிஸ் என்ற அம்மா. கறுப்பினப் பெண்மணி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். எங்களுக்குத் திட்டு நிச்சயம் என்று நினைத்தேன். அவர் எந்தக் கடிதம் என்று மட்டும் கேட்டார். அக்கா கேட்கச் சொன்னதை நான் இங்கிலீஷில் கேட்டேன்: இந்தப் பேரை இனிமேல் யார் பார்ப்பார்கள்? டெனிஸ் அம்மா அந்தக் கடிதத்தைத் தன் திரையில் திறந்தார். தன் பாட்டியின் அம்மாவும் அந்த ரயிலில்தான் வந்தவர் என்றார். எந்த ஊர், முழுப் பேர் என்ன, எதுவும் அவர்கள் குடும்பத்துக்குத் தெரியாது. அவர்களைத் துரத்தியவர்கள் செத்துப்போய்விட்டார்கள், தேடுகிறவர்கள் நாங்கள்தான் மிச்சம் என்றார். பேர் மறைக்கச் சொன்னதையும் பக்கத்திலேயே குறிப்பாக எழுதி வைப்பதாக வாக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பாஸ்கர் சார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் அக்காவை எடுக்கவும் இல்லை. அக்கா முதல் கடிதத்தைத் திறந்து, கீபோர்டில் கை வைப்பதற்கு முன் திரையிடம் மெதுவாகச் சொன்னார்: “கோச்சிக்காத தாயி. உன் பேத்தி வந்து கேக்குது, அதனாலதான் போடுறேன்.”

இல்லாத பேக்கரி

என் கூடப்பிறந்த அக்காவின் மகள் சங்கீதா மேல்படிப்புக்கு அதே சிகாகோவுக்குப் போனாள். போன முதல் குளிர்காலம். ஒருநாள் நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவளிடமிருந்து போன். அவளுக்கு அப்போது விடியற்காலை முடிந்து ஏழரை மணி. தப்பான பஸ்ஸில் ஏறி எங்கேயோ இறங்கிவிட்டாள். போனில் மேப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, விரல் மரத்துப்போய்விட்டது, தெருவில் ஆளே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். அந்த ஊரில் தெருப் பேரும் கதவு எண்ணும் சொன்னால் போதும், நிற்கிற இடம் எனக்குத் தெரிந்துவிடும். அவள் படித்துச் சொன்னாள். நேராக நட, முனையில் ஒரு பேக்கரி, அதையடுத்துப் பொதுக் குளியல் கூடம், அப்புறம் கல்லால் கட்டின பெரிய சர்ச் என்று வேகமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நான் அடித்த வரைபடம் நூறு வருஷத்துப் பழசு.

போன் கட்டாகிவிட்டது. திரும்ப எடுக்கவில்லை. திருவொற்றியூர் பஸ் இரண்டு வந்து போனது, நான் ஏறவில்லை. பிள்ளையை இல்லாத தெருவுக்குள் அனுப்பிவிட்டேனே என்று திரும்பத் திரும்ப அவள் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “சித்தி, பேக்கரியும் இல்ல, குளிக்கிற எடமும் இல்ல, பெரிய ஹைவேதான் போவுது. ஆனா சர்ச் கீது. உள்ள வந்து உக்காந்துட்டேன், யாரோ ஒரு அம்மா காப்பி குடுத்துச்சு. நீ அழாத.”

சிகாகோவில் எந்தத் தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். என் ரேஷன் கார்டில் தப்பாக அடித்திருக்கிற என் தெருப் பேரைத் திருத்தத்தான் மூன்று வருஷமாக முடியவில்லை.