இண்டிகேட்டருக்கு வைத்த அடுப்பு

வண்டியில் லைட் எரியவில்லை என்று வருகிறவரை எப்படியும் சமாளித்துவிடலாம்; லைட் நன்றாக எரிகிறது, ஆனால் உள்ளே ஏதோ சுடுகிறது என்று வருகிறவரைச் சமாளிக்க ஆட்டோ எலக்ட்ரீஷியனால் ஆகாது. திண்டுக்கல் பழனி ரோட்டில் நானும் கூட்டாளி ஆரோக்கியமும் கடை வைத்திருந்தபோது, கார்களுக்கு எல்.ஈ.டி. பல்பு வர ஆரம்பித்த சமயத்தில், இரண்டாம் வகைக்காரர்களே அதிகம் வந்தார்கள். இதே தொழிலில் விரல் சிவந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

நத்தத்து அவசரம்

முதலில் மாற்றியது நத்தம் மாங்காய் வியாபாரி ஒருவரின் காருக்கு. பழைய இண்டிகேட்டர் பல்பைக் கழற்றி எல்.ஈ.டி.யை மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் அது நிதானமாகக் கண் சிமிட்டாமல் படபடவென்று அடித்துக்கொண்டது. காரணம் எளிது. எல்.ஈ.டி. மிகக் குறைவாகக் கரண்ட் எடுக்கும். இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ரிலே அதைப் பார்த்து, பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். ரிலேயை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும், மதுரையிலிருந்து வரவழைக்கிறோம், இரண்டு நாள் பொறுங்கள் என்றோம்.

அவர் காரைச் சுற்றி வந்து, அந்தப் படபடப்பைச் செத்த நேரம் ரசித்துப் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி, இவன் என்னமோ அவசரத்துல போறான்னு பின்னாடி வாரவன் ஒதுங்கிருவான்ல."

தங்க பிஸ்கட்

ரெசிஸ்டர் பார்க்க அழகாக இருக்கும். தங்க நிறத்தில், பிஸ்கட் அளவில், இரண்டு பக்கமும் வரி வரியாக. அதனாலேயே எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் கடையில் தீப்புண்ணுக்குப் போடும் பர்னால் தீர்ந்த வேகத்தில் இன்சுலேஷன் டேப்கூடத் தீர்ந்ததில்லை.

சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி ஒருவரும் தொட்டார். கையை உதறிவிட்டு, இது ஏன் சுடுகிறது என்றார். பழைய பல்பு எடுத்த கரண்டை இப்போது இது எடுத்துச் சூடாக மாற்றுகிறது, அதனால்தான் ரிலே ஏமாறுகிறது என்று ஆரோக்கியம் விளக்கினான். எல்.ஈ.டி. போட்டால் பேட்டரி மிச்சம், சூடும் இருக்காது என்று போன வாரம் அவரிடம் சொன்னதும் இதே ஆரோக்கியம்தான். அவர் விரலை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"முன்னாடி கண்ணாடிக்குள்ள இருந்த சூட்டைக் கழட்டிப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீக. இதுக்கு எதுக்கப்பு இம்புட்டுப் பாடு?"

முத்தையாவின் வெஞ்சனம்

வேடசந்தூர்ப் பக்கம் மில் ஆட்களை ஏற்றிப்போக நாலு வேன் வைத்திருந்தார் இப்ராகிம் பாய். அந்த நாலு வேனின் வேலையும் நிரந்தரமாக எங்களுக்கு வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் ஆரோக்கியம் வேலை தேடித் திருப்பூருக்குப் போவதாக முடிவு செய்திருந்தான். பாய் அவசரப்படுகிறவர் இல்லை. ஒரு வேனுக்கு மட்டும் எல்.ஈ.டி. போடச் சொன்னார். தொந்தரவு இல்லாமல் ஓடினால் மற்ற மூன்றையும் அனுப்புவதாகச் சொன்னார்.

ரெசிஸ்டரைப் பிளாஸ்டிக்கில் படாமல், சூடு இறங்குவதற்காக வண்டியின் இரும்புத் தகட்டோடு சேர்த்து முடுக்கினோம். அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. ஒரு மாதம் புகாரே வரவில்லை. சந்தேகப்பட்டு மில் வாசலுக்கே போய்ப் பார்த்தேன். நின்றிருந்த வேனில் நான்கு இண்டிகேட்டரும் சிமிட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் முத்தையா பின்பக்கப் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, ரெசிஸ்டரைத் தகட்டிலிருந்து கழற்றி நிமிர்த்தி, அதன்மேல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி இருந்த டிபன் டப்பாவை உட்கார வைத்திருந்தார். நான் திட்டிவிட்டுப் பழையபடி முடுக்கினேன். அவர் கோபப்படவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.

"லைட்டு என்னமோ உங்க இஷ்டம்ண்ணே, ஆனா எனக்கு வெஞ்சனம் ஆறாம இருக்கு, அதைக் கெடுத்துப்புட்டீகளே."

ஆயுத பூஜை

நான் கிளம்பியதும் முத்தையா மறுபடி கழற்றியிருக்கிறார். அது எங்களுக்கு ஆயுத பூஜை அன்றுதான் தெரிந்தது.

வேன்களை நிறுத்தும் பாயின் செட்டில் டிரைவர்கள் பூஜை போடுவார்கள். பொரி கடலை பாயின் செலவு. அவர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார். நாலு வேனும் வரிசையாக நின்றன. முத்தையா தன் வேனை டீசல் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, அந்தத் துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல், நிமிர்ந்து நின்ற ரெசிஸ்டரின்மேல் திணித்து மூடியைச் சாத்திவிட்டார். பிறகு, புது லைட் எல்லாருக்கும் தெரியட்டும் என்று நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டார். கதம்ப மாலை, சந்தனம், டயருக்கு எலுமிச்சை எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வேன்களுக்கு முன்னால் சட்டியில் சாம்பிராணி போட்டார்கள். செட் முழுக்கப் புகை. ஆரோக்கியமும் நானும் பக்தியோடு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றோம். முத்தையா வேனின் பின்பக்கம் போய், அங்கே வந்த புகையையும் கையால் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, பொரிப் பொட்டலத்தோடு மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, சட்டி முன்னாடிதானே இருக்கு, புகை ஏன் பின்னாடி இருந்து வருது?"

நாலு வேன்கள்

எல்லோரும் வேனை விட்டு விலகி ஓடினார்கள். ஆரோக்கியம் மட்டும் உள்ளே ஓடினான். மூடியைப் பிய்த்து, புகைந்த துணியை வெறுங்கையால் இழுத்து வெளியே எறிந்தான். நான் பேட்டரி வயரைக் கழற்றினேன். யாரோ பூஜைக்கு வைத்திருந்த மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றினார்கள். பிளாஸ்டிக் மூடியில் உள்ளங்கை அளவு ஓட்டை, வேறு சேதமில்லை. பூஜை பாதியில் நின்றது. ஆரோக்கியம் கையை வாளிக்குள் விட்டுக்கொண்டு, திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டான்.

மூன்றாம் நாள் பாய் கூப்பிட்டு அனுப்பினார். ரெசிஸ்டரே வேண்டாம், எல்.ஈ.டி.க்கென்று தனி ரிலே இருக்கிறது, மதுரையில் சொல்லிவைத்தால் வரும், அதை மாட்டினால் எதுவும் சுடாது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் ஒப்பித்தேன். பாய் கடைசிவரை கேட்டார். கட்டுப் போட்டிருந்த ஆரோக்கியத்தின் கையைப் பார்த்தார். டீ வரவழைத்தார்.

"வண்டி புகைஞ்சா எலக்ட்ரீசியன் போனை எடுக்க மாட்டான், இவன் உள்ள ஓடுனான். அதனால நாலு வண்டியும் இனிமே உங்ககிட்டதான் வரும். ஹாரனைப் பாருங்க, பேட்டரியைப் பாருங்க, வைப்பரைப் பாருங்க, லைட்டை மட்டும் தொடாதீங்க."

அந்த வேன்களை வைத்துத்தான் பல வருடம் கடை நடத்தினோம், நாங்கள் வாங்கியதிலேயே யாரையும் சுடாத ரெசிஸ்டர்கள் என்றால் விற்காமல் டப்பாவில் கிடந்தவைதான்.